தேன் ஏன் கெடுவதில்லை?



இரவில் மிஞ்சிய சோறு காலையில் ஊசிப்போகிறது. தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு அந்திவரைகூடத் தாங்குவதில்லை. ஆனால், அலமாரியில் வைத்த தேன் போத்தல் மட்டும் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. அதற்கு ஐஸ் பெட்டியும் வேண்டியதில்லை. இது எப்படி? இதைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டுக் கைக்குழந்தையைப் பற்றிய ஒரு முக்கியச் செய்தியும் நமக்கு விளங்கும்.

தேனீ பூவிலிருந்து எடுப்பது தேன் அன்று, நீர்த்த இனிப்புநீர்தான். பூவில் மட்டுமன்று, நாம் நாள்தோறும் பார்க்கும் பால்மரத்திலும் அது உண்டு. மூன்று இலைகள் கூடும் காம்பு நுனியில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. இலையுதிர்ந்து புதுத்தளிர் விடும் காலத்தில் அவற்றில் இனிப்புநீர் சுரக்கும். தேனீ அதையும் தேடி வருகிறது.

இந்த நீரைத் தேனீ தன் தேன்பையில் கொண்டுவந்து, கூட்டிலுள்ள மற்றத் தேனீக்களுக்கு வாய்க்கு வாய் கொடுக்கிறது. அப்போது தேனீக்களின் சுரப்பிகளிலிருந்து நொதிகள் அதில் கலக்கின்றன. ஒரு நொதி, சீனியைப் பழச்சர்க்கரை, குளுக்கோஸ் என இரண்டாகப் பிரிக்கிறது. பின்னர் தேனீக்கள் சிறகடித்துக் காற்று வீச, தண்ணீர் ஆவியாகி நீர் கெட்டிப்படுகிறது. அதுதான் தேன்.

100 கிராம் தேனில் பழச்சர்க்கரை ஏறக்குறைய 38 கிராமும், குளுக்கோஸ் 31 கிராமும், தண்ணீர் 17 முதல் 20 கிராமும் இருக்கும். மீதியில் பெரும்பங்கு வேறு சர்க்கரைகள். அமிலங்கள், தாது உப்புகள், மகரந்தம் ஆகியவை மிகச் சிறிதளவே. ஆகவே, நீரிழிவு உள்ளவர்கள் "தேன்தானே" என்று தாராளமாகச் சாப்பிடக் கூடாது.

தேன் கெடாமல் இருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, அதிலுள்ள சர்க்கரை தண்ணீரை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. கருவாட்டை உப்பு காப்பதும் இப்படித்தான். கிருமி வளரத் தண்ணீர் வேண்டும். தேனில் விழுந்த கிருமிக்கு அது கிடைப்பதில்லை. இரண்டாவது, தேனில் அமிலம் உண்டு. இனிப்பு மிகுந்திருப்பதால் அந்தப் புளிப்பு நாக்குக்குத் தெரிவதில்லை. மூன்றாவது, தேனில் சிறிது தண்ணீர் சேரும்போது, அதிலுள்ள இன்னொரு நொதி ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் பொருளை உண்டாக்குகிறது. புண் கழுவப் பயன்படுவதும் அதே பொருள்தான்.

ஆனால், தேன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூடாமல் வைத்தாலும், ஈரக் கரண்டியை விட்டாலும் நாளடைவில் நுரைத்துப் புளித்துவிடும். கெலுலுட் எனப்படும் கொட்டாத தேனீயின் தேனில் இயல்பிலேயே தண்ணீர் அதிகம். அதனால் அதை ஐஸ் பெட்டியில் வைப்பதே நல்லது.

தேன் உறைந்து மணல்போல் ஆகிவிட்டால், "சீனிப்பாகு கலந்துவிட்டான்" என்று சிலர் ஏசுவார்கள். அது சரியன்று. குளுக்கோஸ் மிகுந்த நல்ல தேனும் உறையும். எறும்பு மொய்க்கிறதா, தீப்பற்றுகிறதா என்று பார்ப்பதும் நம்பத்தக்க சோதனை ஆகாது. ஆய்வுக்கூடத்தில்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இனி, முக்கியச் செய்திக்கு வருவோம். கிருமி தேனில் வளராது என்றோம். எல்லாக் கிருமியும் அதில் சாகும் என்று சொல்லவில்லை. மண்ணிலும் தூசியிலும் வாழும் குளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் கிருமி, மழைக்குக் காத்திருக்கும் விதைபோலத் தேனில் உறங்கிக் கிடக்கும். பெரியவர்களின் குடலில் பொதுவாக அது முளைப்பதில்லை. ஆனால், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடல் இன்னும் பக்குவப்படவில்லை. அங்கே அது முளைத்து நஞ்சைக் கக்கும். இந்த நோயை மருத்துவர்கள் 1976-ஆம் ஆண்டில்தான் கண்டறிந்தார்கள்.

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். "எத்தனை பிள்ளைகளுக்கு வைத்தேன், ஒன்றும் ஆகவில்லையே, தம்பி" என்று அவர்கள் சொல்வார்கள். உண்மைதான், எல்லாப் போத்தலிலும் அந்தக் கிருமி இருப்பதில்லை. ஆனால், எந்தப் போத்தலில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்தாலும் அது சாவதில்லை. ஆகவே, ஒரு வயது நிறையும்வரை ஒரு துளித் தேனும் வேண்டாம். சூப்பானில் தடவுவதும் வேண்டாம்.

குழந்தைக்கு மலச்சிக்கல் கண்டு, அழுகுரல் மெலிந்து, பால் உறிஞ்சத் தெம்பின்றி, இமை சரிந்து, உடல் துவண்டால், மந்திரித்துப் பார்ப்போம் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். தேன் கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்கு மருத்துவம் உண்டு.

பாட்டி தேன் வைப்பது பேரப்பிள்ளையின் மேல் உள்ள ஆசையால்தான். அந்த ஆசையை முதல் பிறந்தநாள் வரை பொறுத்துவைக்கச் சொல்வோம். அதுவரை போத்தல் அலமாரியிலேயே இருக்கட்டும். தேன்தான் கெடாதே!