மருந்துக்குக் கேட்காத காசநோய்

தாராவிக்குப் பக்கத்தில் மாஹிம். அங்கே கடலோரம் இந்துஜா மருத்துவமனை இருக்கிறது. அங்கே நுரையீரல் டாக்டராகப் பல வருடம் வேலை பார்த்தவர் ஜரீர் உத்வாடியா. வாரத்தில் ஒரு நாள் ஏழைகளைக் காசு வாங்காமல் பார்த்தார். வந்தவர்களில் பலருக்குக் காசநோய். நாம் டி.பி. என்கிறோமே, அதுதான்.

2011 டிசம்பரில் அவரும் கூட வேலை செய்தவர்களும் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். நான்கு நோயாளிகளின் கிருமியைச் சோதித்தார்களாம். சோதித்த எந்த மருந்துக்கும் அது சாகவில்லை! நாடு முழுவதும் இதே பேச்சு. இந்த நோயை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று ஒரு சண்டையும் நடந்தது. நோயாளிக்குப் பெயரா முக்கியம்?

கிருமிக்கு இந்தப் பலம் எப்படி வந்தது?

சாதாரண டி.பி.க்கு 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்திலேயே இருமல் குறையும். பசி எடுக்கும். 'சரியாகிவிட்டது' என்று சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கோரைப்புல்லை மேலாகக் கிள்ளினால் என்ன ஆகும்? கிழங்கு உள்ளே இருக்கும். மறுபடி முளைக்கும். கிருமியும் அப்படித்தான். மருந்தைத் தாங்கும் கிருமி மிஞ்சிப் பெருகும். பிறகு அதே மாத்திரை வேலை செய்யாது. இருமும்போது அந்தக் கிருமிதான் வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும். தப்பான மருந்து சாப்பிட்டாலும் இதே கதிதான்.

அந்த நான்கு பேரில் மூன்று பேர் தனியார் டாக்டர்களிடம் அலைந்தவர்கள். ஒன்றரை வருடத்தில் ஆளுக்குச் சராசரியாக 4 டாக்டர்கள். மருந்தை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். பல தடவை அளவும் தப்பு.

2010இல் உத்வாடியா குழுவின் ஓர் ஆய்வு வந்தது. அது நம் தாராவியைப் பற்றியது. டி.பி.க்கு மருந்துச் சீட்டு எழுதும்படி 106 டாக்டர்களைக் கேட்டார்கள். 63 விதமாக எழுதினார்கள். சரியாக எழுதியவர்கள் 6 பேர்தான். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கூலியில் மிச்சம் பிடித்துத்தானே ஃபீஸ் கொடுக்கிறோம்!

டி.பி. நோயாளி வந்தால் தனியார் டாக்டரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012 மே மாதம் உத்தரவு வந்தது. அரசு மையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். மருந்தும் இலவசம். சளியைக் கருவியில் வைத்தால் 2 மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்று தெரியும். ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அது அடங்குமா என்றும் தெரியும். அடங்காத டி.பி.க்கு முன்பெல்லாம் இரண்டு வருடம்கூட மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. 2024இல் 6 மாதச் சிகிச்சைக்கு அரசு அனுமதி கொடுத்தது. அது யாருக்குப் பொருந்தும் என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்கக் கொடுங்கள். பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தால் அவற்றையும் எடுத்துப் போங்கள். ஏற்கெனவே எந்த மருந்து சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் அதில் பார்ப்பார்.