அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷன்: "50 மாசம்"னா என்ன அர்த்தம்? பணத்தை எப்படிப் பிளான் பண்றது?

"அப்பாவுக்கு 61 வயசு. இரைப்பைப் புற்றுநோய், ஸ்டேஜ் 3. ஆபரேஷன் பண்ணா எவ்வளவு நாள் இருப்பார்? பணத்துக்கு என்ன பண்றது?"ன்னு ஒரு நண்பர் கமெண்ட்ல கேட்டிருந்தார். ரெண்டு வரியில பதில் சொல்ற விஷயம் இல்லை, அதான் இந்தப் பதிவு.

முதல்ல, எங்க பரவியிருக்கு?

ஸ்டேஜ் 3-ன்னா பெரும்பாலும் பக்கத்து நிணநீர் முடிச்சுகள் வரைக்கும் போயிருக்கும். இதை ஆபரேஷன்ல முழுசா எடுக்க வாய்ப்பு இருக்கு. கல்லீரல் மாதிரி தூரத்து உறுப்புக்குப் போயிருந்தா கணக்கே வேற. அந்த நிலையில 5 வருஷம் தாண்டுறவங்க 100-ல 10 பேருக்கும் குறைவு.

நம்பர் என்ன சொல்லுது?

ஜெர்மனியில 716 பேர்கிட்ட நடந்த ஃபிளாட்-4 ஆய்வு 2019-ல வெளிவந்தது. ஆபரேஷனுக்கு முன்னாடி 4 சுற்று, பின்னாடி 4 சுற்று புது கீமோ. மீடியன் ஆயுள் 50 மாசம். பழைய கீமோவுல 35 மாசம். 5 வருஷ வாய்ப்பு 36%-ல இருந்து 45% ஆச்சு.

இதை "அப்பாவுக்கு இன்னும் 50 மாசம்தான்"னு படிக்காதீங்க. மீடியன்னா, பாதிப் பேர் அதுக்குள்ள, மீதிப் பாதிப் பேர் அதையும் தாண்டி. உங்க அப்பா எந்தப் பாதின்னு அந்த நம்பர் சொல்லாது. எத்தனை முடிச்சுல நோய் இருந்தது, வெட்டின ஓரம் சுத்தமா இருக்கா, உடம்பு கீமோவைத் தாங்குதா, இதெல்லாம்தான் முக்கியம். அந்த ஆய்வுலயே பாதிக்கும் குறைவானவங்கதான் எல்லாச் சுற்றையும் முடிச்சாங்க.

பணம்: ஒரு பில் இல்லை, 3 வருஷக் கணக்கு

நோய் திரும்பி வந்தா, பெரும்பாலும் முதல் 2-3 வருஷத்துலதான் வரும். அதனால:

1. ஆபரேஷன் செலவோட கீமோ, ஸ்கேன், சத்தான சாப்பாடு, உங்க சம்பளமில்லா லீவு எல்லாத்தையும் சேர்த்துக்கோங்க. இரைப்பையை முழுசா எடுத்தா ஆயுசு முழுக்க பி12 ஊசி வேணும்.
2. ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ்ல அப்பா பேர் இருக்கா? ரூம் வாடகை வரம்பு எவ்வளவு? எச்.ஆர்-கிட்ட இன்னைக்கே கேளுங்க. கேட்காம வேலையை மாத்தாதீங்க. பழைய கம்பெனி கவர் போயிடும்.
3. பழைய வரி முறையில இருந்தா, உங்களைச் சார்ந்திருக்கும் சீனியர் சிட்டிசன் சிகிச்சைக்கு 1 லட்சம் வரை கழிவு உண்டு. இன்சூரன்ஸ்ல வந்த தொகையைக் கழிச்சுட்டுதான்.
4. இந்த 3 வருஷப் பணத்தை ஷேர்ல போடாதீங்க. எஃப்.டி-யில இருக்கட்டும்.

45% சின்ன நம்பர் இல்லை நண்பா. பணம் இல்லைன்னு நடுவுல கீமோ நிற்காம பார்த்துக்கிறதுதான் உங்க கையில இருக்கு. மீதியை டாக்டர்கிட்ட நேரா உட்கார்ந்து கேளுங்க.