ஷெல்லியின் ‘ஓசிமாண்டியாஸ்’: இயைபும் யாப்பும்

ஆங்கிலக் கவிதையில் ‘ரைம்’ எனப்படுவதைத் தமிழில் எதுகை என்று குறிப்பது பெருவழக்கு. எதுகை அடிகளின் முதற்சீரில் இரண்டாம் எழுத்து ஒன்றுவதால் அமைவது. ரைம் அடியிறுதிக்கு உரியது. எனவே தமிழ் யாப்பில் அதற்கு நெருங்கியது இயைபுத் தொடையே. எனினும் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் அடியின் இறுதி அழுத்த அசையிலுள்ள உயிரும் அதன்பின் வரும் ஒலிகளும் ஒன்றவேண்டும்; அவ்வுயிருக்கு முந்திய மெய் வேறுபடவேண்டும். 1818 சனவரியில் ‘எக்ஸாமினர்’ இதழில் வெளிவந்த ஷெல்லியின் ‘ஓசிமாண்டியாஸ்’ இவ்விதியைப் பயன்கொள்ளும் முறை கருதத்தக்கது.

இது சானெட் எனப்படும் 14 அடிப் பா. இத்தாலிய மரபில் இப்பா எட்டடி, ஆறடி எனப் பிரியும்; ஷேக்ஸ்பியர் மரபில் மூன்று நாலடிகளும் ஓர் ஈரடியும் வரும். ஷெல்லி எதனையும் முழுமையாகப் பின்பற்றவில்லை. இயைபுகளை எழுத்துகளால் குறித்தால் கிடைப்பது: அஆஅஆஅஇஈஇஉஈஉஊஉஊ. முதல் நான்கடிகள் ஷேக்ஸ்பியரை நினைவூட்டுகின்றன. 5ஆம் அடியோ புதிய இயைபைத் தொடங்காமல் பழையதற்கே மீள்கிறது. 7ஆம் அடியின் ‘திங்ஸ்’ தன் இணையாகிய ‘கிங்ஸ்’ என்பதைப் பெற 10ஆம் அடிவரை காத்திருக்கிறது. எட்டடிக்கும் ஆறடிக்கும் இடையிலான சுவரை இந்த ஓர் இணையே தாண்டிவிடுகிறது. பொருள் நிலையில் அச்சுவர் இடம்பெயரவில்லை. சிலைப் பீடத்தின் பொறிப்பு 9ஆம் அடியில்தான் அறிமுகமாகிறது.

‘ஸ்டோன்’, ‘ஃபிரவுன்’ என்னும் இணையில் இறுதி மெய் ஒன்ற, உயிர் வேறுபடுகிறது. சிதைந்த சிலைக்கேற்பச் சிதைந்த இயைபு என இதற்குப் பொருள் கூறுவது மிகை. இத்தகைய அரை இயைபுகள் பிற ஆங்கிலக் கவிஞரிடமும் உண்டு.

அடிதோறும் ஐந்து சீர். சீர்தோறும் அழுத்தமற்ற அசையை அடுத்து அழுத்தமுள்ள அசை. இச்சீரை நிரையசையோடு ஒப்பிடுவது பொருந்தாது. நேரும் நிரையும் எழுத்தின் அளவால் அமைவன, அழுத்தத்தால் அல்ல. மன்னனின் செருக்குரை 11ஆம் அடியில் முடிகிறது. அடுத்த அடியின் முதற்சீரில் ஒழுங்கு தலைகீழாகி, ‘ஒன்றுமில்லை’ எனப் பொருள்படும் சொல்லின் முதலசையே அழுத்தம் பெறுகிறது. மூன்றே சொற்களில் தொடர் முடிந்து அடியின் நடுவே நின்றுவிடுகிறது. அந்நிறுத்தத்தை அடுத்த சீரும் அவ்வாறே தலைகீழாகிறது. யாப்பு பொருளுக்குத் துணைநிற்கிறது என ஐயமின்றிக் கூறத்தக்க இடம் இதுவே.