முறிந்த எலும்புக்குப் பத்தியமா, ஊட்டமா?

வழக்கமாகத் திருமுறைச் செய்தி எழுதும் நான் இம்முறை எலும்பு முறிவைப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் என் தமக்கையார்.

கூலாயில் வசிக்கும் அவர், சென்ற புரட்டாசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொண்டார். அறுவைச் சிகிச்சை நன்றாகவே நடந்தது. வீடு திரும்பியதும் பத்தியம் தொடங்கியது. பருப்பு வாயு, பால் சளி, கத்தரிக்காய் கரப்பான் என்று பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்றை விலக்க, இறுதியில் தட்டில் எஞ்சியது ரசம் சோறும் சுட்ட அப்பளமும்தான். நானும் தலையாட்டியவன்தான். மூன்று வாரத்தில் நான்கு கிலோ எடை குறைந்தது. தையல் போட்ட இடம் ஆறவில்லை. மறுபரிசோதனையின்போது உணவியல் அதிகாரி, "அம்மா, என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்ட பிறகே எங்களுக்குக் கண் திறந்தது.

எலும்பென்றால் சுண்ணாம்புச் சத்து மட்டுமே என்று நாம் எண்ணுகிறோம். அப்படியன்று. எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன் என்னும் புரதத்தைச் சார்ந்தது. வீடு கட்டுவோர் முதலில் கம்பி கட்டிப் பிறகு சிமெண்டு ஊற்றுவதைப் போல, முறிந்த இடத்தில் முதல் சில வாரங்களில் மென்மையான இணைப்புத் திசு உருவாகி, அதன்மேல்தான் சுண்ணாம்பு படிகிறது. கம்பி இல்லாமல் சிமெண்டை ஊற்றி என்ன பயன்?

முறிவுற்ற முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் அளவிலாவது புரதம் தேவை என்கிறார்கள். என் தமக்கையார் 45 கிலோ. ஆக, நாளொன்றுக்கு 54 கிராம். அவர் சைவம். இரண்டு குவளைப் பாலில் 13 கிராம், 100 கிராம் தெம்பேயில் சுமார் 19, 50 கிராம் பருப்பில் 11, மீதி சோறு, தோசை, நிலக்கடலையில் வந்துவிடும். அசைவர்களுக்கு முட்டையும் மீனும் உண்டு. நம் நாட்டில் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஹாருவான் எனப்படும் விரால் மீனை ஆக்கிக் கொடுக்கும் வழக்கம் மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரிடமும் உண்டு. நல்ல புரத உணவுதான். சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது.

சுண்ணாம்புச் சத்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் போதும். 100 கிராம் கேழ்வரகு மாவில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. அதற்கு மேல் மாத்திரையை அள்ளி விழுங்கினால் எலும்பு விரைவாகக் கூடிவிடாது. தைராய்டு மாத்திரை உண்பவர்கள் அதற்கும் சுண்ணாம்பு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். இதைப் பலர் அறியார். கொய்யாப்பழத்தின் வைட்டமின் சி கொலாஜன் உருவாக உதவும். வெயில் காயும் நாடாயினும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்களுக்கு வைட்டமின் டி குறைவதுண்டு. புகைப்பிடிப்பதும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

பிரண்டையைச் சொல்லாமல் விடுவேனா? வடநாட்டில் இதற்கு 'ஹட்ஜோட்', அதாவது எலும்பைச் சேர்ப்பது, என்றே பெயர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் உடுப்பாவும் பிரசாத்தும் இதை விலங்குகளிடம் ஆய்ந்து, முறிவு விரைந்து கூடுவதாக 1964இல் எழுதினார்கள். மனிதரிடம் நடந்த ஆய்வுகள் மிகச் சிறியவை. ஆகவே துவையலாக உண்ணலாம்; மாவுக்கட்டுக்கு மாற்றாகக் கொள்ளலாகாது. இளந்தண்டைக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைக்காவிட்டால் நாக்கு அரிக்கும். அனுபவித்துச் சொல்கிறேன்.

ஐப்பசியில் கந்தர் சஷ்டி வந்தது. முப்பது ஆண்டுகளாக ஆறு நாளும் உபவாசம் இருப்பவர் தமக்கையார். "முருகன் கோபித்துக் கொள்வான்" என்று அழுதார். நம் குருக்களை வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். "நோயாளிக்கு உபவாசம் கட்டாயமில்லை அம்மா. பாலை நைவேத்தியம் செய்து நீங்களே அருந்துங்கள். விரதத்தை அடுத்த ஆண்டு வைத்துக் கொள்ளலாம்" என்றார் அவர். அன்று மாலையே ஒரு குவளைப் பால் உள்ளே போயிற்று.

தைப்பூசத்தன்று தமக்கையார் கைத்தடியுடன் சந்நிதிக்கு வந்தார். மடைப்பள்ளிக்குப் பின்புறம் பிரண்டைக் கொடி செழித்துப் படர்ந்திருக்கிறது. வேண்டும் அன்பர்கள் என்னிடம் கேட்டு ஒரு கணு ஒடித்துச் செல்லலாம். தொட்டியில் நட்டாலே பிடித்துக்கொள்ளும்.