எங்கே பிறந்தார்? எப்போது பிறந்தார்?

மைசூரிலிருந்து மடிக்கேரி போகும் பஸ்ஸில் ஏறுங்கள். ஹுன்சூர் தாண்டும். பெரியபட்டணா தாண்டும். சுமார் 80 கிலோமீட்டர் போனதும் பைலகுப்பே வரும். அங்கே வண்ணக் கொடிகள் காற்றில் ஆடும். செந்நிற அங்கி அணிந்த துறவிகள் நடந்து போவார்கள். சுற்றிலும் மக்காச்சோள வயல்கள் இருக்கும். குளிர்காலத்தில் நம் ஊர்த் தெருவோரங்களில் ஸ்வெட்டர் விற்கிறார்களே, அந்தத் திபெத்திய மக்களின் குடியிருப்பு இது.

1959ஆம் ஆண்டில் தலாய் லாமா திபெத்தை விட்டு இந்தியாவுக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அன்றைய மைசூர் மாநில அரசு அவர்களுக்குப் பைலகுப்பேயில் நிலம் கொடுத்தது. அப்போது அது காடு. யானை நடமாடும் இடம். பனிமலையில் வாழ்ந்தவர்கள் வெயிலில் நின்று காட்டைத் திருத்தினார்கள். நிலம் குத்தகை நிலம்தான். உழலாம், விளைவிக்கலாம். சொந்தம் என்று சொல்ல முடியாது.

வந்தவர்கள் அகதிகள். அதில் குழப்பம் இல்லை. ஆனால் இங்கேயே பிறந்த பிள்ளைகள் யார்? அவர்கள் திபெத்தைப் பார்த்ததே இல்லை. கடைத்தெருவில் கன்னடம் பேசுவார்கள். அவர்கள் இந்தியக் குடிமக்களா?

இதற்குப் பதில் பிறந்த தேதியில் இருக்கிறது. நம் நாட்டில் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் உள்ளது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியர். தாய் தந்தை எந்த நாட்டவர் என்று சட்டம் கேட்காது. வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சிலருக்கு மட்டும் இது பொருந்தாது.

பிறகு சட்டம் மாறியது. வங்கதேசம், இலங்கை போன்ற நாடுகளிலிருந்து பலர் அனுமதியின்றி வருகிறார்கள் என்று அரசு காரணம் சொன்னது. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தாய், தந்தை இருவரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் சட்டம் இன்னும் இறுகியது. ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தாயும் தந்தையும் திபெத்தில் பிறந்தவர்கள். அண்ணன் 1985இல் பைலகுப்பேயில் பிறந்தான். தங்கை 1990இல் பிறந்தாள். ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒரே பள்ளிக்கூடம். ஆனால் சட்டத்தின் முன்னால் அண்ணன் இந்தியர், தங்கை வெளிநாட்டவர்! பக்கத்து வீட்டிலும் 1990இல் ஒரு பெண் பிறந்தாள். அவளுடைய தாய் 1968இல் இதே ஊரில் பிறந்தவர். ஆகவே தாய் இந்தியர். அதனால் மகளும் இந்தியர். ஒரே தெருவில் இத்தனை வேறுபாடு.

சட்டத்தில் இப்படி எழுதியிருந்தும், அலுவலகங்களில் நெடுங்காலம் அது நடைமுறைக்கு வரவில்லை. அண்ணனையும் அகதி என்றே எழுதினார்கள். வெளிநாட்டவருக்கான பதிவுச் சான்றிதழ்தான் கொடுத்தார்கள். அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஓட்டு இல்லை, பாஸ்போர்ட் இல்லை.

1986இல் காங்ராவில் பிறந்த ஒரு திபெத்தியப் பெண் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். அவர் பிறப்பால் இந்தியரே என்று 2010 டிசம்பரில் டில்லி உயர்நீதிமன்றம் சொன்னது. 2013இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் இதே வழியில் தீர்ப்பளித்தது. 2014இல் தேர்தல் ஆணையம், இப்படிப் பிறந்த திபெத்தியரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. 2017இல் பாஸ்போர்ட்டும் கொடுக்க உத்தரவு வந்தது.

ஆனாலும் எல்லோரும் ஓடிப்போய் விண்ணப்பம் போடவில்லை. “இந்தியர் ஆகிவிட்டால் திபெத்தை மறந்ததாகாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. “பாஸ்போர்ட் கையில் இருந்தால் மனதிலுள்ள நாடு போய்விடுமா?” என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. அவரவர் வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

நம் தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 1986இல் மண்டபம் முகாமில் ஒரு பெண் பிறந்தார். பெற்றோர் இலங்கைத் தமிழர்கள். அவர் பாஸ்போர்ட் கேட்டார். அதிகாரிகள் மறுத்தார்கள். அவர் மதுரையில் உள்ள உயர்நீதிமன்றக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். அதே முகாம்களில் 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களில் பலருக்குப் பெற்றோர் இருவரும் இலங்கையர். அவர்களுக்கு இந்த வழி திறக்கவில்லை.

வழக்கில் அந்தப் பெண்ணுக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? பிறப்புச் சான்றிதழ். ஊரும் தேதியும் அதில் இருந்தன. அது மட்டுமே குடியுரிமை ஆகிவிடாது. ஆனால் எங்கே, எப்போது என்ற இரண்டு கேள்விக்கும் அதுதான் சாட்சி. குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். அகதியின் குழந்தையானாலும் பதிவு உண்டு. ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். வீட்டில் பிறந்தால் குடும்பத்தார்தான் போய்ச் சொல்ல வேண்டும்.