இருளர் குடியிருப்புக்குப் போக எந்தப் படிப்பு?

எம்.எஸ்.டபிள்யூ. எனும் சமூகப்பணி முதுநிலைப் பட்டம் படித்தால் என்ன வேலை? தாம்பரம் வட்டாரத்தில் கேட்டால் ‘ஹெச்.ஆர்.’ என்று பதில் வரும். தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் பக்கத்தில் இருக்கும்போது அதில் வியப்பில்லை. அதே பட்டத்தோடு செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிக்கரைகளில் வாழும் இருளர் பழங்குடியினரிடமும் போகலாம். சம்பளம் குறைவு, அலைச்சல் அதிகம். ஆனால் அங்கே ஆள் தேவை நிறைய இருக்கிறது.

அமெரிக்காவில் பழங்குடியினருக்கான சமூகப்பணி தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. அங்கே 570-க்கும் மேற்பட்ட பழங்குடித் தேசங்களை மத்திய அரசு அங்கீகரித்திருக்கிறது. அவற்றில் பலவற்றுக்குச் சொந்த நீதிமன்றமும் பள்ளியும் உண்டு. நவஹோ மக்கள் 1968-லேயே தங்களுக்கென்று கல்லூரி தொடங்கினார்கள். படித்து முடித்தவர் பழங்குடி அரசிடமே சம்பளம் வாங்கலாம்.

நம் நிலைமை வேறு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் 7,94,697 பேர், மக்கள்தொகையில் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும். அதில் இருளர் சுமார் 1.9 லட்சம். அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இங்கே இல்லை. அதனால் பழங்குடி கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டமும் நமக்கு எட்டவில்லை. இங்கே சமூகப்பணி பட்டதாரிக்குச் சம்பளம் தருவது தொண்டு நிறுவனமோ அரசுத் திட்டமோதான். அவருடைய வேலை, குடியிருப்புக்கும் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்துக்கும் நடுவே நடப்பது.

எழும்பூரில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரியிலும், 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரியிலும் இந்தப் பட்டப்படிப்பு இருக்கிறது. தனிநபர் பணி, குழுப் பணி, சமுதாய அமைப்பு, சமூகச் சட்டங்கள் என்று பாடங்கள் போகும். என் கணக்கில் இவற்றைவிடக் களப்பணிக்கே எடை அதிகம்.

ஏனென்றால் இருளர் வாழ்வில் பெரிய சுவர் ஒரு தாள்தான்: சாதிச் சான்றிதழ். 1989 நவம்பர் 11-க்குப் பிறகு பழங்குடிச் சான்றிதழை தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். விண்ணப்பித்தால் முதல் கேள்வி, “அப்பாவுக்கு சர்டிபிகேட் இருக்கா?” பள்ளிக்கே போகாத அப்பாவிடம் எங்கே இருக்கும்? பிறகு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை. நேரில் வரச் சொன்ன நாளில் அதிகாரி மீட்டிங்கில் இருப்பார். அன்றைய கூலி போச்சு. பிளஸ் டூ முடித்த பெண்ணுக்குக் கல்லூரி சேர்க்கை அதற்குள் முடிந்துவிடும். பயிற்சி மாணவர் செய்ய வேண்டியது பெரிய தத்துவம் எதுவும் இல்லை. சான்றிதழ் வாங்கிவிட்ட சித்தப்பாவையோ அத்தையையோ தேடிப்பிடிப்பது, வம்சாவளியை வரைவது, மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குவது. இந்த ஒப்புகைச் சீட்டு விஷயத்தை எந்தப் பாடப்புத்தகமும் அழுத்திச் சொல்வதாகத் தெரியவில்லை.

இவர் இருளர்தானா என்று சந்தேகப்படும் அதிகாரிகளுக்கு ஒரு யோசனை. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போங்கள். பல மாவட்டத்து இருளர்கள் குடும்பத்தோடு வந்து தங்கி, மணலில் படிகள் அமைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். விடியலில் கல்யாணங்களும் நடக்கும். வம்சாவளி அங்கே உட்கார்ந்து சோறு ஆக்கிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வேலை கொத்தடிமை மீட்பு. அரிசி ஆலை, செங்கல் சூளை, மரவெட்டு என்று எங்கேயும் கதை ஒன்றே. சில ஆயிரம் ரூபாய் முன்பணம், கழியாத கடன், சந்தைக்குப் போகவும் முதலாளியின் அனுமதி. 1976 சட்டப்படி இது குற்றம். மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழும், உடனடி உதவியாக 30 ஆயிரம் ரூபாய் வரையும் கிடைக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் கைக்கு வராமல் ஊர் திரும்பினால், சில மாதங்களில் அடுத்த முன்பணம் வாசலில் நிற்கும். மீட்பு நாளன்று கேமராக்கள் வரும். அதற்குப் பிந்தைய ஆறு மாதம்தான் சமூகப்பணியாளருடையது.

இருளர்களே நடத்தும் நிர்வாகமும் இந்தப் பக்கத்திலேயே உண்டு. வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத்தோல் வியாபாரம் நின்றபின், 1978-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு வடநெம்மேலியில் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, பானையின் வாயைத் துணியால் கட்டி, சுமார் மூன்று வாரம் வைத்திருப்பார்கள். அதற்குள் சில முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்தே போகிறது. இருந்தும் ஆண்டுக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அரசு அனுமதி வேண்டும். அது தாமதமானால் பானைகள் காலி. 2017-இல் மலைப்பாம்பு பிடிக்க புளோரிடா பல்கலைக்கழகம் அழைத்துப்போன இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். பள்ளிக்கூடம் பார்க்காதவர்களிடம் பல்கலைக்கழகம் கற்றுக்கொண்டது.

சேர நினைப்பவர்களுக்கு: பெரும்பாலான கல்லூரிகளில் எந்த இளநிலைப் பட்டமும் போதும். விருப்பப் பாடம் கேட்கும்போது சமுதாய மேம்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். வேலைக்குப் போகுமுன் திட்டம் எத்தனை ஆண்டுக்கு என்று கேளுங்கள். நிதி தீர்ந்ததும் ஊரை அறிந்த பணியாளர் போய்விடுவார், அடுத்தவர் அதே சர்வே படிவத்தோடு வருவார். “போன வருஷமும் ஒரு பொண்ணு இதையேதான் எழுதிக்கிட்டுப் போச்சு” என்று குடியிருப்பில் யாராவது சொன்னால், அவரிடம் புதிதாக எதையும் எழுதிக்கொள்ளாமல், பழைய மனு என்ன ஆனது என்று முதலில் விசாரியுங்கள்.