மறுபடி வர மறுக்கும் பிழை

பயன்படுத்துபவரின் கணினியில் திடீரென நின்றுபோகும் மென்பொருள், அதை எழுதியவரின் மேசையில் பழுதின்றி ஓடுவது உண்டு. “என் கணினியில் நன்றாகத்தானே ஓடுகிறது” என்ற பதில் பொய்யல்ல. ஆனால் அது போதாது. அங்கே ஒரு விளைவும் இங்கே ஒரு விளைவும் வந்தால், இரண்டு இடத்துக்கும் நடுவே ஏதோ ஒன்று வேறுபடுகிறது: நினைவகத்தில் எஞ்சிக் கிடந்த ஒரு மதிப்பு, தரவின் அளவு, அல்லது இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட கணம். கடைசியாகச் சொன்னதைப் பிடிப்பதுதான் மிகக் கடினம்.

1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலத்தில் நேர்ந்தது அதுதான். வானிலைத் தரவைத் திரட்டத் தொடங்கிய சில நாட்களில் அதன் கணினி தானாகவே மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைக்கு மிச்சமிருந்த வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின.

அந்த ஒரே கணினியில் பல பணிகள் முன்னுரிமைப்படி ஓடின. பொதுவான ஒரு வசதியை ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே தொடும்படி அதற்கு ஒரு பூட்டு இருந்தது. தாழ்ந்த முன்னுரிமை கொண்ட வானிலைப் பணி அந்தப் பூட்டைக் கையில் வைத்திருந்த வேளையில், இடைநிலைப் பணிகள் குறுக்கே புகுந்து அதை நிறுத்திவைத்தன. உயர் முன்னுரிமைப் பணியோ அதே பூட்டுக்காகக் காத்துக்கிடந்தது. அது உரிய நேரத்தில் முடியாததைக் கண்ட கண்காணிப்புப் பணி, கணினியையே மறுதொடக்கம் செய்துவிட்டது.

இதே கோளாறு ஏவுவதற்கு முந்தைய சோதனைகளிலும் அரிதாகத் தலைகாட்டியிருந்தது. மறுபடி வரவழைக்க முடியாததால் காரணம் தெரியாமலே போயிற்று. வருத்தத்துக்குரிய இடம் அதுதான்: கைக்கு எட்டாத பிழை, இல்லாத பிழை ஆகிவிடாது. செவ்வாயில் தரவு எதிர்பார்த்ததைவிட ஏராளமாக வந்தது. அவ்வளவு நல்ல நிலைமையை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகப் பொறியாளர்கள் பூமியிலிருந்த இணைக் கணினியில் அதே வேலைகளை ஓடவிட்டனர். பணி மாறும் ஒவ்வொரு கணத்தையும் குறித்துக்கொள்ளும் பதிவு வசதி அதில் இருந்தது. அங்கும் மறுதொடக்கம் நிகழ்ந்தபோது, எது எதைத் தடுத்தது என்பது பதிவில் வரிசையாக இருந்தது. காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைப் பூட்டு வைத்திருக்கும் பணிக்குக் கொஞ்ச நேரம் கடன் தரும் ஏற்பாடு விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில் ஏற்கெனவே இருந்தது. அந்தப் பூட்டுக்கு மட்டும் அதை இயக்கியிருக்கவில்லை. இயக்கும் திருத்தம் செவ்வாய்க்கு அனுப்பப்பட்டது.

பிழையைத் தேடுவதற்காக நிரலில் ஒரு வரி சேர்த்தாலே நேரக்கணக்கு மாறி, பிழை ஒளிந்துகொள்ளலாம். இத்தகைய பிழைக்கு ‘ஹைசன்பக்’ என்று பெயர். கணினி அறிவியலாளர் ஜிம் கிரே 1985-இல் எழுதிய ஆய்வறிக்கையில் அது இடம்பெற்றது. எனவே பதிவு வசதி முதலிலிருந்தே மென்பொருளுக்குள் இருக்க வேண்டும். நின்றுபோன கணத்தின் நினைவகப் படியும், பதிப்பு எண்ணும், அதற்கு முன் செய்த செயல்களின் வரிசையும் சேர்ந்தால்தான் தேடல் தொடங்கும்.

செயல்களோடு அவற்றின் வேகமும் முக்கியம். 1986-இல் அமெரிக்காவின் டைலர் நகர மருத்துவமனையில் தெராக்-25 கதிர்வீச்சுக் கருவி நோயாளிகளுக்கு அளவுமீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. முதல் விபத்துக்குப் பின் தயாரிப்பாளர்களால் அந்தப் பிழையை வரவழைக்க முடியவில்லை. இரண்டாவது விபத்துக்குப் பிறகு மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கியவரும் உட்கார்ந்து, திரும்பத் திரும்ப முயன்று, விபத்தின்போது திரையில் வந்த அதே பிழைச் செய்தியை வரவழைத்தார்கள். தவறாக அடித்த ஓர் எழுத்தைப் பழகிய விரல்கள் சில நொடிகளுக்குள் திருத்தியபோது மட்டுமே அது வந்தது. அந்த வேகத்தைத் தெரிவித்த பிறகே தயாரிப்பாளர்களாலும் அதைக் காண முடிந்தது.